ஆற்றங்கரை வரை பறக்கலாம்

க்ர்ர்ர்ங்... க்ர்ர்ர்ங்...!

கராஜ் சுவரில் போன் அலறியது.

பிக்கப் டிரக்குக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் வெர்னா அசையவில்லை. எப்படி அசைவாள்? அவளுடைய கணவன் எம்மெட் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தான். அவன் காதில் கொள்ளைக்காரன் கார்டலின் துப்பாக்கி!

"எடு. ஸ்பீக்கர்ல போடு. குரல் நடுங்குச்சு... நீ விதவை!" என்றான் கார்டல்.

வெளியே ஊர்ந்து வந்து எடுத்தாள்.

"வெர்னா, ஹாஸ்கெல் பேசறேன்."

ஹாஸ்கெல்! அமெரிக்காவின் கெண்டக்கி மலையடியில் அந்த ஊருக்கு இருந்த ஒரே போலீஸ்காரன். வெர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க ஜீப்புல பிரேக் பிடிக்கலைன்னீங்களே... இப்பவே கொண்டு வாங்களேன்!"

"ஜீப் கிடக்கட்டும். பிக்கப் முடிஞ்சுதா? கார்டல்கிட்ட போனைக் குடு."

ரிசீவர் அவள் கையிலிருந்து நழுவியது.

பாவி! வேலியே பயிரை மேய்கிறது. இனி யாரைக் கூப்பிடுவாள்?

கார்டல் சிரித்தான். "வேர்க்குதா? வேலையைப் பாரு!"

"இது வைக்கோல் இழுக்கிற வண்டி. அறுபது மைல் வேகத்தைத் தாண்டினா கதறும்."

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்! பேங்க்லேருந்து ஆறு வரைக்கும் பன்னிரண்டு மைல் தார் ரோடு. அதுல நான் பறக்கணும். அப்புறம் நாலு சக்கரமும் இழுக்க, ஆத்துல இறங்கி அக்கரைக்குப் போயிடுவேன். போலீஸ் கார் ஆத்துல இறங்குமா, என்ன?"

வெர்னா சக்கர அச்சின் நடுவே இருந்த டிஃபரன்ஷியல் பெட்டியைப் பிரித்தாள். இழுவைக்கான பல்சக்கரங்களைக் கழற்றி, வேகத்துக்கானதை மாட்டினாள். கை வேலை செய்தது. மனசு அழுதது.

மதியம் இரண்டு மணி. எம்மெட்டைத் துப்பாக்கி முனையில் ஏற்றிக்கொண்டு கார்டல் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். முகமெல்லாம் பல்!

"தொண்ணூறு மைல்! தங்கக் கைம்மா உனக்கு!"

"எங்களை விட்டுடு..."

"உன் புருஷன் என்கூட வரான். அக்கரையில இறக்கி விட்டுடறேன்."

எப்படி இறக்குவான் என்பதை அவன் கண் சொன்னது.

எம்மெட்டை வண்டி சீட்டோடு சேர்த்துக் கட்டினான். போன் ஒயரை அறுத்தான். ஷட்டரை வெளியே பூட்டினான்.

"எம்மெட்...!"

வெர்னா ஷட்டரில் முட்டி முட்டிக் கத்தினாள். இருட்டு. பெட்ரோல் நாற்றம்.

ஒரு மணி நேரம் கழித்து... படார்!

பூட்டு உடைந்தது. மாநில போலீஸ் அதிகாரி பிரிஸ்கோ நின்றிருந்தார். பக்கத்தில், வீங்கிய மூக்கோடு... எம்மெட்!

வெர்னா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை.

"தார் ரோட்டுல எங்களால அவனை நெருங்கவே முடியலைம்மா," என்றார் பிரிஸ்கோ. "ஆத்துப் பாறையில இறங்கி, நாலு சக்கரமும் இழுக்கிற லீவரைப் போட்டான். டமார்! வண்டி அப்படியே நின்னுடுச்சு. கார்டல் மண்டை கண்ணாடியில மோதி மயக்கம். சீட்டோட கட்டியிருந்ததால உன் புருஷனுக்கு மூக்கு மட்டும்தான் வீக்கம். முழிச்சதும் ஹாஸ்கெல் பேரைக் கக்கிட்டான். ரெண்டு பேருக்கும் விலங்கு மாட்டியாச்சு. ஆமா... என்ன பண்ணினே?"

"பின் அச்சுல மட்டும்தான் சார் மாத்தினேன். முன் அச்சு பழையபடியே இருக்கு. லீவரைப் போட்டா முன் சக்கரம் ஒரு கணக்கு, பின் சக்கரம் ஒரு கணக்கு. நடுவுல இருக்கிற கியர் பெட்டி சிதறாம என்ன செய்யும்?"

"ஓட்டிப் பார்த்தானாமே?"

"சேறு, பாறைன்னாதான் சார் அந்த லீவர். தார் ரோட்டுல எவன் அதைத் தொடுவான்?"

எம்மெட் மூக்கைத் தடவினான். "அடிப்பாவி! வண்டிக்குள்ள நானும்தானே இருந்தேன்!"

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள்.

"இருபது வருஷமா சீட் பெல்ட் போடு, போடுன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்... இனிமேலாவது போடுவியா?"