ஆமாம் போடும் பள்ளத்தாக்கு

தேசியப் பூங்காவின் கரடுமுரடான பாதையில் ஜீப் குலுங்கி நின்றதும், மூத்த சகலை புதுக் கண்டத்தைக் கண்டுபிடித்தவர் போல இறங்கினார். ஆலையில் மேனேஜர். தலையில் தொப்பி, கழுத்தில் திசைகாட்டி, தோளில் சுருட்டிய கயிறு; சொந்த ஆலையில் கேன்டீனுக்குப் போகவே வழி கேட்கிற ஆள். பின்னால் இறங்கிய இளைய சகலை, அச்சகத்தில் புரூஃப் ரீடர். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவதாக மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"மனுஷன் டைனோசரை வேட்டையாடின காலத்துப் பாறை சகலை இது!"

"டைனோசர் செத்து எத்தனையோ கோடி வருஷம் கழிச்சுத்தான் மனுஷனே வந்தான் சகலை. எதை வேட்டையாடினான், ஆவியையா?"

மேனேஜரின் முகம் சுண்டியது. வழியெல்லாம் இதே கதைதான். அவர் வாயைத் திறப்பார், இவன் திருத்துவான்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் ஓர் அறிவிப்புப் பலகை: 'இங்கு யாரையும் கூப்பிடாதிர்கள்.'

"தீ வரணும், தி போட்டிருக்கான் பாருங்க!" என்று சிரித்தான் புரூஃப் ரீடர். பலகை என்ன சொல்கிறது என்பதை அவன் படிக்கவே இல்லை.

நடுப்பகலில் மூடுபனி ஏறி வந்தது. ஈரக் கல்லின் வாடை. கூடவே, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை. மேனேஜர் கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினார்.

"என்ன ஆனாலும் உங்கள விட்டுட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் சகலை."

சொல்லிக்கொண்டே முன்னால் நடந்து பனிக்குள் மறைந்தார்.

"சகலை!" என்று கூப்பிட்டான்.

"சகலை!" என்று பதில் வந்தது.

இருவருக்கும் ஒரே முறைப்பெயர். கூப்பிட்டது யார், பதில் சொன்னது யார்?

கயிற்றைப் பிடித்தபடியே போனான். மறுமுனை அந்த அறிவிப்புப் பலகையின் காலில் கட்டியிருந்தது. மேனேஜர் வாழ்நாளில் போட்ட ஒரே உருப்படியான முடிச்சு.

"சகலை..."

இந்தமுறை குரல் பள்ளத்திலிருந்து வரவில்லை. ஜீப்பிலிருந்து வந்தது.

அவனுடைய குரல்.

ஓடினான். பாதி இறக்கிய கண்ணாடிக்கு உள்ளே, அவன் இருக்கையில், அவன் ஸ்வெட்டரோடு, அவன் முகத்தோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"மனுஷன் டைனோசரை வேட்டையாடின காலத்துல..." மேனேஜர் குஷியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேட்டையாடின காலத்துல... ஆமா சகலை."

"சகலை! நான் இங்க இருக்கேன்!" கண்ணாடியை அறைந்தான்.

மேனேஜர் திரும்பினார். வெளியே இருந்த முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார். நிதானமாக, சாமான் வாங்குகிறவர் போல.

அவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை.

"இவரே இருக்கட்டும்" என்று முணுமுணுத்துக் கண்ணாடியை ஏற்றினார்.

ஜீப்பின் பின்னால் ஓடியவனை இடுப்புக் கயிறு சுண்டி இழுத்து விழவைத்தது. சாப்பாட்டு நேரத்துக்கு மகள் கதவைத் திறப்பாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிற அப்பா வந்து நிற்பார். மலைக்காற்று ஆளையே மாற்றிவிட்டது என்று வீடே சந்தோஷப்படும்.

"காப்பாத்துங்க!"

பள்ளத்தாக்கு எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அங்கே இப்போது எதிரொலி இல்லை.

பனி விலகியது. வேறொரு கார் வந்து நின்றது. இறங்கிய குடும்பத்தலைவர், கயிற்றோடு நின்ற அவனை ஊடுருவிப் பள்ளத்தைப் பார்த்தார். வாயருகே கையைக் குவித்தார்.

"ஏ... மளையே!"

மலையே என்று திருத்த வாயெடுத்தான்.

"மளையே..." என்றது அவன் வாய்.