கைபிடியில் கட்டாத சிவப்புத் துணி

இன்றைக்கும் போர்கோ வெக்கியோவில் இருக்கும் என் அறையிலிருந்து நடந்துதான் கால்சாவில் வேலை செய்யும் வீட்டுக்கு வந்தேன். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தால் புதுப் பெயின்ட் வாசம். வீட்டுக்கார இத்தாலிய அம்மா, சிஞ்ஞோரா அசுந்தா, இறந்து இரண்டு மாதமாகிறது. ஆளில்லாத வீட்டைக் கூட்டித் துடைக்க மகன் என்னையே வைத்திருக்கிறார். செல்வமலரை நம்பலாம் என்று என்னைப் பற்றிச் சொன்னாராம்.

சிஞ்ஞோராவுக்குக் கண் பார்வை முழுதாகப் போயிருந்தது. மாடிப்படியின் பழைய மரக் கைபிடியில், கடைசி இரண்டு படிக்கு நேரே, நான் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவிட்டிருந்தேன். விரலில் முடிச்சுத் தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு படி, பிறகு தரை. ஐந்து வருடம் அப்படித்தான் இறங்கினார்.

பிறகு மகன் வீடு முழுக்க வெள்ளையடித்துப் புதுத் தளபாடம் போட்டார். கறுத்த மரம் அதற்கு எடுபடாதென்று மெல்லிய இரும்புக் கைபிடி வைக்கச் சொன்னார். அதைச் செய்து பூட்டியது எங்கள் ஊர்ப் பொடியன் விமலராஜ். அவனை அந்த வேலைக்குக் கூட்டிவந்ததே நான்தான். கைபிடி அவ்வளவு வடிவாக இருந்ததில் பழந்துணியைக் கட்ட மனம் வரவில்லை. நாளைக்குக் கட்டலாமென்று சட்டைப் பைக்குள் வைத்தேன். புத்தி கெட்டவள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தங்கச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். படியிலிருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது.

"மலர், முடிச்சு வரவில்லையே. இன்னும் எத்தனை படி?"

இன்னும் இருக்கிறது, வாருங்கள் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் ஏற்கெனவே தரையில் நின்றார்.

இல்லாத படிக்குக் கால் வைத்து விழுந்தார். தலை சுவரில் அடித்த சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது.

புதுக் கைபிடி வழுக்கியிருக்கும் என்றார் மகன். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு விமலராஜை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

இப்போது தினமும் மூன்று மணிக்கு கைபிடி இரும்பில் சிஞ்ஞோராவின் மோதிரம் உரசும் சத்தம் கேட்கிறது. மேலிருந்து மெதுவாக இறங்கிவரும். முடிச்சு இருக்கவேண்டிய இடத்தில் நின்றுவிடும்.

நேற்று அந்தத் துணியை எடுத்துக் கட்டினேன். அவருக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

இன்று சத்தம் அங்கே நிற்கவில்லை.

ஒரு படி.

இன்னொரு படி.

பிறகு சத்தமே இல்லை. அவருடைய ரோசாப் பவுடர் வாசம் மட்டும், நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்ற குசினியின் வாசலுக்கு வந்தது.

விமலராஜுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, உன்ரை வேலையிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான்..."

நான் முடிப்பதற்குள் அவன் குறுக்கிட்டான்.

"அக்கா, பக்கத்திலை ஆர் நிக்கினம்? ஆரோ வயசு போன மனிசி இத்தாலியனிலை கதைக்கிறா."

இங்கே நான் மட்டும்தான் என்று சொன்னேன்.

"இன்னும் எத்தினை படி எண்டு கேக்கிறா," என்றான் அவன். "இந்தமுறை உங்களைத் திரும்பிப் பாத்துச் சொல்லட்டாம்."