காணையில் பிழைத்த ஒற்றைச் செடி

பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடலாம், கைக்குட்டை போடலாம். மூன்று வருட உழைப்பை யாராவது போடுவார்களா?

கலைமதி போட்டாள்! விழுப்புரம் பஸ் நிலையத்தில் திடீரென்று பிடித்துக்கொண்ட மழை... திண்டிவனம் பஸ்ஸைச் சுற்றி ஒரே கூட்டம்... அவசரத்தில் கையிலிருந்த மஞ்சள் துணிப்பையை ஜன்னலுக்குள் எறிந்துவிட்டாள். முண்டியடித்து ஏறி வந்தால், அந்த சீட்டில் ஒருவன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். மடியில் அவள் பை. வாயில் அதிலிருந்த மல்லாட்டை... நிலக்கடலை!

"ஐயோ! அது விதைங்க!"

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. அந்தக் கண்கள்... மாட்டிக்கொண்ட பிள்ளையின் பெரிய கண்கள். அந்த நேரத்திலும் அதைக் கவனித்த தன் மனசை அவள் திட்டிக்கொண்டாள்.

"என் ஃப்ரெண்டு தேவா சீட்டு போட்டு, கொறிக்க மல்லாட்டையும் வச்சிருக்கான்னு நெனச்சேங்க. அவன் துண்டு பின்னாடி சீட்டுல கெடக்குது, இப்பதான் பாக்குறேன். விடுங்க, வேற வாங்கித் தந்துடுறேன்."

"எந்தக் கடையில?" அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "காணை கிராமத்துல நடராசன்னு ஒரு வெவசாயி நெலத்துல நாப்பது நாளா மழையில்ல. மொத்த வயலும் சரியா காய் புடிக்காம கருகிப்போச்சு. ஒரே ஒரு செடி மட்டும் பச்சையா நின்னு காய்ச்சுது. மூணு வருஷமா நான் தேடின செடி, அதோட காய்ங்க இது!"

எண்ணினாள். பத்தொன்பது. குறைந்தது இருபத்தைந்து காய் இல்லாமல், அவள் வேலை பார்க்கும் திண்டிவனம் ஆராய்ச்சிப் பண்ணையில் இந்த விதைப்புப் பட்டத்துக்குச் சோதனைப் பாத்தி போட முடியாது.

"அம்மாம் ஒசந்த விதைய பஸ்சுல தூக்கியா போடுவாங்க?"

சுரீரென்றது. உண்மைதானே... அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. அவன் எழுந்து சீட்டைக் கொடுத்தான். அவள் முகம் கொடுக்கவில்லை. மயிலம் பக்கம் வந்ததும் மெல்லக் கேட்டான்.

"புடுங்கும்போது மண்ணு காய்ஞ்சிருந்துதாங்க?"

"பாறை மாதிரி. எதுக்கு?"

அவன் கூட்டேரிப்பட்டில் இறங்கி, கொட்டும் மழையில் ரோட்டைத் தாண்டி, வந்த வழியே திரும்பும் பஸ்ஸுக்கு ஓடினான். ஒரு ஸாரி சொன்னால் குறைந்தா போய்விடுவான்? பொருமினாள். ஆனால் ஜன்னலில் வழிந்த மழை முழுக்க அந்தக் கண்கள்...

மூன்றாம் நாள் பண்ணை வாசலில் நின்றான். கையில் ஒரு டிபன் பாக்ஸ். உள்ளே ஏழு காய்கள்!

"பேரு மணிமாறன். கோலியனூர்ல பட்டறை வச்சிக்கினு, மல்லாட்டை புடுங்குற மிஷின் செய்யறேங்க. காய்ஞ்ச மண்ணுல புடுங்கினா காய் அறுந்து உள்ளயே தங்கிடும். அதுக்கு ஒரு வழி கண்டுபுடிக்கத்தான் மூணு வருஷமா மண்டைய ஒடைச்சிக்கினு இருக்கேன்."

"வேற செடியோடது கலந்திருந்தா?"

"அடையாளத்துக்கு நீங்க குச்சி நட்ட குழியில மட்டும்தான் தோண்டினேன். எடத்தக் காட்டினதும், இந்தப் பண்ணையச் சொன்னதும் நடராசன்தான். மழை ஈரத்துல காய் மொளச்சிடக் கூடாதேன்னு, ஜல்தியா ரெண்டு நாள் மண்ணச் சலிச்சேன். ஸாரிங்க... அன்னிக்கே சொல்லியிருக்கணும். வெறுங்கையோட சொல்ல வெக்கமா இருந்துது."

அவன் நகங்களில் காணை மண். புதுசாகக் கண்டுபிடிப்பதெல்லாம் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும்தான் நடக்கும் என்று யார் சொன்னது? திண்டிவனம் பேரைச் சுமந்த மல்லாட்டை ரகங்கள் எத்தனை ஊரில் விளைகின்றன! அந்த வரிசைக்கு இன்னொன்றைச் சேர்க்கத் துடிக்கும் இவளும், பட்டறையில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அவனும் ஒரே ஜாதிப் பைத்தியங்கள்தான். அது கலைமதிக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

"இருபத்தாறு ஆச்சு. நானும் அன்னிக்கு பையைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது."

"அப்ப... தண்ணி ஊத்த நான் வரட்டுமா?"

"இதுக்குத் தண்ணியே ஊத்தக் கூடாதுங்க. மழையில்லாத காய்ச்சல்ல தாங்குதான்னு பாக்குறதுதான் சோதனையே."

அவன் முகம் வாடியது. "அப்ப நான் வர்றதுக்கு வேலையே இல்ல..."

கலைமதி டிபன் பாக்ஸை மூடினாள். காது வரை சிவந்து, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"செடிக்கு நீங்க வேணாம்... எனக்கு வேணும். வாங்க."