சிட்டம்மாளின் முதலிடம்

காலை ஐந்து மணிக்கு வளர்மானி சிட்டம்மாளின் காதுக்குள் செத்துப்போன மகளின் பெயரைச் சொன்னது.

"வள்ளிமயில்."

ஒரே தடவைதான். பிறகு அவள் நெஞ்சு எத்தனை துள்ளுத் துள்ளுகிறது என்று கவனித்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. குளிர்ப்பள்ளத்தில் இருக்கும் நாலாயிரம் பேருக்கும் அதே நேரத்தில் அவரவருக்கு வேண்டியவர் பெயர் காதில் விழும். சிலருக்குப் பிள்ளை, சிலருக்கு அம்மா, ஒருத்தனுக்கு அவன் சிறு வயதில் வளர்த்த கோழி. பெயரைக் கேட்டும் நெஞ்சு அசையாதவன் ஆன்மாவில் வளர்ந்தவன். அசைந்தவன் வளராதவன். பல் தேய்ப்பதற்குள் இந்தச் சோதனை முடிந்துவிடும்.

சிட்டம்மாள் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் படுத்திருந்த அவள் புருஷன் வேலாண்டி மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏட்டி, இன்னைக்குப் பற்று எவ்வளவு?"

"எழுபத்தொண்ணு."

"நேத்து அறுபத்தெட்டுல்லா?"

"நேத்து கனவுல வரல. இன்னைக்கு வந்துட்டா."

வேலாண்டிக்கு அந்தக் கருவி தேர்ந்தெடுத்த பெயர் சிட்டம்மாள். பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவள் பெயரைக் கேட்டு எவன் நெஞ்சு துள்ளும்? அவர் தப்பித்துக்கொண்டார்.

குளிர்ப்பள்ளம் என்பது நிலாவின் தென்முனையில் வெயிலே படாத ஒரு குழி. அதன் அடியில் உறைந்து கிடக்கும் பனியை வெட்டித் தண்ணீரும் காற்றும் எடுக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது அங்கே இருப்பவர்கள். வளர்மானி அரிசி அளவு இருக்கும். பிடரியில் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒருவனின் பசி, படபடப்பு, பற்று இந்த மூன்றையும் அது பார்க்கும். பசி உடம்பைச் சேர்ந்தது, படபடப்பு மனதைச் சேர்ந்தது, பற்று ஆன்மாவைச் சேர்ந்தது. மூன்றும் குறையக் குறைய ஆள் வளர்கிறான். எதுவரை குறையலாம் என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. படித்தவர்கள் கூடிச் செய்த கருவி. அவர்களுக்கு அது தோன்றவில்லை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், பூமியிலிருந்துதான். அங்கே வருசப் பிறப்பன்று ஆளாளுக்கு ஒரு புது நோட்டு வாங்கி, உடம்பைக் குறைப்பேன், கோபத்தை விடுவேன், தியானம் செய்வேன் என்று எழுதுவார்களாம். பத்தாம் நாள் அந்த நோட்டின் மேல் காப்பித் தம்ளரை வைப்பார்களாம். எழுதினதை நிறைவேற்றவைக்க யாராவது ஒரு வழி செய்யுங்களேன் என்று அவர்களே கெஞ்சினார்களாம். கெஞ்சினவர்கள் செத்துப் பல காலம் ஆகிவிட்டது. அவர்கள் கேட்ட வழி மட்டும் தங்கிவிட்டது.

குளிர்ப்பள்ளத்தில் வருசத்துக்கு ஒருமுறை எல்லோரும் மூன்று கட்டம் போட்ட வளர்ச்சித் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருசம் வளராதவர்களுக்கு எச்சரிக்கை. மூன்றாவது வருசமும் வளராவிட்டால் வண்டியில் ஏற்றி மறுவார்ப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வரிசை இசக்கி அப்படித்தான் போனான். நாற்பது நாள் கழித்துச் சிரித்த முகமாகத் திரும்பினான். வாசலில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்ட சொந்த மகனைப் பார்த்து, "தம்பி எந்த வரிசை?" என்று மரியாதையாகக் கேட்டான். அவனுக்கு அன்று பாராட்டு விழா நடந்தது.

சிட்டம்மாளுக்கு இது மூன்றாவது வருசம். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வள்ளிமயில் பத்தொன்பது வயதில், காற்று வெளியே போகாமல் அடைக்கும் காற்றுக்கதவு பழுதாகிச் செத்தவள். அவளைப் பற்றி நினைக்க இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தியின் மண்டையைக் கழுவி அனுப்பிவிட்டால், அந்தப் பிள்ளை பாதி இல்லாமல் போய்விடும். வேலாண்டியைத் தின்றுகொண்டிருந்தது அதுதான்.

ஊர் நடுவில் ஒரு பலகை உண்டு. யார் எத்தனை வளர்ந்தார் என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். பதினெட்டு மாதமாக முதலிடத்தில் நின்றது நயினார் பெயர். பசி பூச்சியம், படபடப்பு பூச்சியம், பற்று பூச்சியம். நயினாரும் வேலாண்டியும் ஒரே துளைப்பு எந்திரத்தில் இருபது வருசம் வேலை பார்த்தவர்கள். நயினார் தன் திட்டத்தில் 'ஏகாந்தம்' என்று எழுதிவிட்டு, பாழாய்க் கிடந்த ஒன்பதாம் சுரங்கத்தில் ஒரு காவல் அறைக்குள் போய் உட்கார்ந்தவர் வெளியே வரவில்லை. தினமும் காலையில் நாலாயிரம் பேரும் அவருக்கு வணக்கச் செய்தி அனுப்புவார்கள். திட்டம் எழுதும் நாளில் பாதி ஊர் அவர் திட்டத்தைப் பார்த்துத்தான் எழுதும். ஆனால் தவத்தைக் கலைத்தால் கலைத்தவனுக்கு மூன்று எண்ணும் ஏறும் என்பதால் ஒருத்தரும் போய்ப் பார்த்ததில்லை.

வேலாண்டி போனார். ஏறினால் ஏறட்டும், அந்த ஆள் எப்படித்தான் மனதை அடக்கினான் என்று நேரில் கேட்டு வந்து பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டும்.

காவல் அறையின் வாசலில் கூழ் வரும் குழாய் மூடிக் கிடந்தது. கதவைத் தள்ளினார்.

"நயினாரு, நான்தாம்டே. கோவிச்சுக்கிடாத."

நயினார் சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய ஆளில் பாதிதான் இருந்தார். வேலாண்டி இரண்டு அடி வைத்து நின்றுவிட்டார். அந்தக் குளிரிலும் வறண்ட காற்றிலும் உடம்பு அழுகாமல் கருவாடாகக் காய்ந்திருந்தது. உதடு சுருண்டு பல் தெரிந்தது. செத்துப் பதினெட்டு மாதம் இருக்கும்.

குழாய் வழியாக வந்த கூழை யாரும் எடுக்காததால் அது திரும்பிப் போயிருக்கிறது. உண்ணாநோன்பு என்று பதிவாகியிருக்கிறது. நெஞ்சு நின்றிருக்கிறது. படபடப்பு அடங்கியது என்று பதிவாகியிருக்கிறது. பிடரியில் வளர்மானி இன்னும் பச்சையாகக் கண் சிமிட்டியது. ஆள் செத்தானா என்று பார்ப்பது மருத்துவப் பிரிவின் வேலை. வளர்மானிக்கு அந்த வேலை இல்லை.

வேலாண்டி அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். இதை ஊரில் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? கிழவனைத் தூக்கி எரிப்பார்கள். சிட்டம்மாள் எப்படியும் வண்டி ஏறுவாள். வேலாண்டி யாரையும் நம்பிப் பழக்கமில்லாத மனுஷன். அவர் வேறு மாதிரி யோசித்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிட்டம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். நயினாரைப் பார்த்ததும் அவள் 'அய்யோ அண்ணாச்சி' என்று விழுந்து அழுதாள். அந்த மனுஷனுக்காக ஒருத்தர் அழுதது அன்றைக்குத்தான்.

"அழுகைய அப்புறம் வச்சிக்க. குனி."

"என்னத்துக்கு?"

"ஒன் வளர்மானிய எடுத்து இவன் கழுத்துல வைக்கப் போறேன். சதையை விட்டு எடுத்தா நூறு எண்ணுததுக்குள்ள இன்னொரு சதைக்குள்ள போயிரணும். இல்லன்னா மணி அடிச்சிரும். எந்தச் சதைன்னு அதுக்குக் கவலை கிடையாது."

"செத்தவரு கழுத்துலயா? ஏங்க, பாவமில்லையா?"

"ஒம் மவள மறந்துட்டு எங்கிட்ட வந்து, அய்யா நீங்க எந்த வரிசைன்னு கேப்பியே, அது பாவமில்லையா?"

அவள் குனிந்தாள். பனி வெட்டும் கத்தியின் முனையால் தோலைக் கீறி எடுத்தார். அவள் கத்தவில்லை. காய்ந்த தோலில் பிளவு போட்டு அதைத் திணித்தபோது வேலாண்டி எழுபத்திரண்டு வரை எண்ணியிருந்தார். பச்சை விளக்கு இரண்டாகச் சிமிட்டியது.

மறுநாள் ஊர்ப் பலகை முன்னால் கூட்டம். சிட்டம்மாளின் மூன்று எண்ணும் ஒரே நாளில் பூச்சியத்துக்கு இறங்கியிருந்தன. நயினாரோடு முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு அவள் பெயர் மின்னியது. வளர்ச்சி அலுவலர் ஜெசிந்தா வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இதுக்குப் பேருதான் பாய்ச்சல். எங்க பயிற்சியில சொல்லியிருக்காங்க, நான் கண்ணால பாத்ததில்ல."

முதல் ஒரு மாதம் அந்த வீட்டில் நல்ல காலம். ஐந்து மணிக்குக் காதில் எதுவும் கேட்கவில்லை. சிட்டம்மாள் தன் இஷ்டத்துக்கு எழுந்தாள், தன் இஷ்டத்துக்கு அழுதாள். மயிலு சின்னப் பிள்ளையில் துளைப்பு எந்திரத்தின் சத்தத்துக்குப் பயந்து கூழ்ப் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டதைச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். வேலாண்டிக்கு, நாம் இத்தனை பேரை ஏமாற்றிவிட்டோமே என்று உள்ளுக்குள் ஒரு இறுமாப்புக்கூட வந்தது.

பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள். மகனை இழந்தவள், அறுபதுக்குக் கீழே இறங்காதவள்.

"மைனி, எப்படி மைனி விட்டிய? எனக்கும் ஒரு வழி சொல்லுங்களேன்."

சிட்டம்மாள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "மூச்சை இழுத்து விடு. எல்லாம் நிழலுன்னு நெனச்சிக்க." பேச்சியம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் வாசலில் வரிசை. தினமும் காலையில் நாலாயிரம் வணக்கம். கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்கள். அவர்கள் போன பிறகு சிட்டம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். கொஞ்ச நாளில் அழுகையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு வாசல் பக்கம் பார்ப்பாள்.

"யாரு கேக்கப் போறா? அழு," என்றார் வேலாண்டி.

"கேட்டா அசிங்கம்லா?"

பிறகு அவள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாள். பிறகு இரண்டு வேளை. மயிலு பேச்சை எடுத்தால், "இப்ப வேண்டாங்க" என்றாள். சாயங்காலமானால் ஊர்ப் பலகை முன்னால் போய் நின்றுகொண்டு தன் பெயரை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்தா பாருங்க, சிட்டம்மா எப்படி நிக்கான்னு. ஒரு அசைவு உண்டா?"

"ஏ பைத்தியக்காரி, அது நீ இல்லட்டி. அது நயினாரு பொணம்."

"பேரு என் பேருல்லா போட்டிருக்கு." பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாலாயிரம் பேரு அவளக் கும்பிடுதாவ. நான் உள்ள உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கேன். எவ்வளவு பெரிய பொய்யி. அந்தச் சிட்டம்மா நம்மள விட நல்லவங்க."

வேலாண்டி திட்டினார், கெஞ்சினார். ஒருநாள் கையைக்கூட ஓங்கிவிட்டார். அவள் கோபிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் மறுவார்ப்பு நிலையத்துக்குப் போகும் வண்டியடிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஓடினார். சிட்டம்மாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வண்டிக்குள் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கைகூப்பி நின்றது. முன்னால் நின்ற ஜெசிந்தாவின் கண் கலங்கியிருந்தது.

"இதுவரைக்கும் இந்த வண்டியில கட்டாயப்படுத்தித்தான் ஏத்தியிருக்கோம், அய்யா. தானா வந்து ஏறினது அம்மா ஒருத்தங்கதான். முதலிடத்துல இருக்கிறவங்க, அவங்களுக்குத் தேவையே இல்ல. அப்படியும் போறாங்க பாருங்க."

வேலாண்டி அவளைத் தள்ளிவிட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்தார்.

"எறங்கு. எறங்குட்டி! எதுக்கு இத்தனையும் பண்ணுனோம்? மயிலுக்கு யாரு இருக்கா?"

சிட்டம்மாள் குனிந்து தணிந்த குரலில் சொன்னாள். "நீங்க இருக்கியள்லா. நான் இப்படியே இருந்தா என்னைக்காவது ஒருநா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். பலகையில நிக்குற அந்தச் சிட்டம்மா பேரு கெட்டுரும். அவ பேரு கெடக் கூடாதுங்க."

வண்டி அசைந்தது. வேலாண்டி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார். "ஏ, கேளுங்கல! அவ வளர்மானி அவகிட்ட இல்ல! ஒன்பதாம் சுரங்கத்துல ஒரு பொணத்துக் கழுத்துல கெடக்கு! நயினாரு செத்து ரெண்டு வருசம் ஆகப் போகுது! போய்ப் பாருங்கல!"

யாரும் கோபப்படவில்லை. சிலர் தூரத்தில் தெரிந்த ஊர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். நயினார், சிட்டம்மாள் இரண்டு பெயரும் பூச்சியத்தில் அசையாமல் நின்றன. சிலர் இவர் பெயரைத் தேடிப் பார்த்தார்கள். படபடப்பு தொண்ணூற்றாறு. இந்த ஆள் பேச்சை எப்படி நம்புவது?

"பாவம், பொண்டாட்டி மேல பற்று," என்று ஒருத்தன் இரக்கமாகச் சொன்னான்.

பேச்சியம்மாள் ஒதுங்கி நின்று திட்டத் தாளின் மூன்றாவது கட்டத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். வேலாண்டி அதைப் பிடுங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 'யாரும் சொல்லாமல் நானாகவே போவேன்' என்று இருந்தது.

"தாங்கண்ணே," என்று அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "பின்னால நிக்கவங்களும் பாத்து எழுதணுமாம்."

அடுத்த வியாழக்கிழமை அந்த வண்டிக்கு மூன்று பெட்டி கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போதும் இடம் போதவில்லை.