மூன்று நாள் கீரை

அப்பாவுக்குக் கீரை என்றாலே ஆகாது. ஆனால் மூன்று நாளாக மூன்று வேளையும் அவர் தட்டில் கீரைதான். எல்லாம் பத்து வயது மகள் சுண்டுவின் பிடிவாதம்.

"கீரையில லூட்டீன்னு ஒரு ஆன்டிஆக்சிடன்ட் இருக்குப்பா. சோளத்துல, முட்டை மஞ்சள் கருவுலகூட இருக்கு. கண்ணுக்குக் காவல்காரன் மாதிரின்னு டீச்சர் சொன்னாங்க. மிச்சம் வைக்காதீங்க!"

"இன்னும் ரெண்டு நாள் போனா எனக்குக் கொம்பு முளைச்சிரும்" என்று முனகிக்கொண்டே அப்பா விழுங்கினார்.

அவர் பஸ் டிரைவர். டிரைவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை என்று அறிவித்திருந்தார்கள். தேறாவிட்டால் வேலை போய்விடுமோ என்று வீடே கலங்கிக் கிடந்தது.

பரிசோதனை நாளும் வந்தது. டாக்டர் அறைக்கு வெளியே சுண்டுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அந்தக் கோடியில இருக்கிற போர்டு தெரியுதா?"

"எந்த போர்டு?"

சுண்டு போர்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்பா அவள் காதருகே குனிந்தார். "உள்ள சுவர்ல சீப்பு மாதிரி படம் இருக்கும். பல்லு எந்தப் பக்கம்னு கேப்பாங்க. நீ டாக்டருக்குப் பின்னால நின்னு கையைக் காட்டு. இந்த ஒரு தடவைதான்டா."

உள்ளே போனார்கள். பெரிய படங்களை அப்பாவே சரியாகச் சொன்னார். நான்காவது வரியில் திணறினார். மெல்ல சுண்டுவைப் பார்த்தார்.

பல் மேல்பக்கம் இருந்தது. அவள் ஒரு விரலைத் தூக்கினால் போதும். சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"டாக்டர், அப்பாவுக்குத் தெரியலை! மூணு நாள் கீரை பத்தலை!" என்றவளுக்கு அழுகை முட்டியது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கீரை நல்லதுதான்டா. வருஷக்கணக்கா சாப்பிட்டா கண்ணைப் பாதுகாக்க உதவும். ஆனா மங்கலா தெரியறதை அது சரி பண்ணாது. அதுக்குத்தான் கண்ணாடி இருக்கே!"

கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்பா கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார்.

"அப்போ என் வேலை?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு தாராளமா ஓட்டுங்க" என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் கேட்டார், "ஏன் சுண்டு, கையைக் காட்டலை?"

"இங்க நான் காட்டிருவேன். ரோட்டுல உங்களுக்கு யாருப்பா காட்டுவாங்க?"

அப்பா அவளை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கடையைப் பார்த்து விறுவிறுவென நடந்தார்.