பழகிய வாசனை

"எம் பிள்ளையோட அரணாக்கயித்தத் திருப்பிக் குடுங்க, மாமா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்று சீதாவுக்கு உறைத்தது. கணவன் நடராஜனைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் லோரியில் ஏற்றிக்கொண்டு போன வாரமே, அவள் கைக்குழந்தையோடு காஜா பெராங்கில் இருந்த மூத்தார் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூத்தாரின் மனைவி ருக்மணி அவளை வாசற்படியிலேயே நிறுத்திச் சொன்னாள்: "கெழங்கு கேளு, எண்ணெ கேளு, இருந்தா தர்றோம். குடுத்ததத் திருப்பி மட்டும் கேக்காத. இந்த வீட்டுல அது ஆகாது."

அடுக்களையில் உட்கார்ந்திருந்த மூத்தார் பொன்னுதுரை மரவள்ளிக்கிழங்குத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கயிறுதான? வேற கட்டிக்க."

"அவுந்து விழல. யாரோ அறுத்திருக்காங்க."

காலையில் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள். முப்பதாம் நாள் கட்டிய கறுப்புக் கயிறு குழந்தையின் இடுப்பில் இல்லை. அது கிடந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று மட்டும் வட்டமாகச் சுற்றி ஓடியது. அறுத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை. இரண்டு மாதமாக இந்த வீட்டில் குழந்தையின் பொருள் எல்லாமே ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்னறையில் இருந்த பெட்டிக்கு.

பொன்னுதுரை அரிசிக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி. அங்கே அதிகாரியாக இருந்த ஜப்பான்காரனை எல்லாரும் மலாய்க்காரர்கள் ஐயாவைச் சொல்வதுபோலத் துவான் என்றுதான் சொன்னார்கள். சிங்கப்பூருக்குப் போகும்முன் துவான் தன் மலைப்பாம்புக் குட்டியை மணிக்கட்டில் காப்புபோலச் சுற்றிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தான். வால் நுனியைப் பிடித்து மெல்லத் திருப்பினான். அது சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து பொன்னுதுரையின் கைக்கு வந்தது. ஏழு நாள் தொடக் கூடாது, சாக்குப் போட்டு மூடிவை, தேங்காய் ஓட்டில் தண்ணீர், பெட்டிக்கு அடியில் வெந்நீர்ப் போத்தல். சாகக் கூடாது. அவ்வளவுதான் உத்தரவு. துவானின் சைக்கிள் பம்பைத் தொலைத்த கிட்டங்கி மாணிக்கவாசகம் இரண்டு நாள் வெயிலில் முழந்தாளிட்டு நின்றிருந்தான். மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஆள் இல்லை.

குட்டி தின்ன மறுத்தது. போட்ட எலிகள் பெட்டிக்குள்ளேயே அழுகின. பத்தொன்பதாம் நாள், அதன் முதுகெலும்பு தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றபோது, ருக்மணி வந்து படுக்கைக்குப் பழந்துணி கேட்டாள். சீதா குழந்தையின் துணிகளைக் கொடுத்தாள். பாலும் மூத்திரமும் ஊறிய துணி. குட்டி அதற்குள் தலையை விட்டுச் சுருண்டு அடங்கியது. அதே துணியில் புரட்டிய கோழிக்குஞ்சைக் காட்டியதும் பாய்ந்து பிடித்தது.

அன்றிலிருந்து ஐந்து நாளுக்கு ஒரு துணி. துவைத்ததை அது சீந்தவில்லை. ஈரம் காயாததைக் கொடியிலிருந்தே எடுத்துக்கொண்டு போனார்கள். சீதா பேசாமல் இருந்தாள், வேறு கூரை இல்லை. ஆனால் மத்தியான வேளைகளில், வெயிலுக்குத் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருக்கும்போது, குழந்தை அழுதால் பின்னறையில் பலகையில் ஏதோ மெல்ல உரசுவது அவளுக்குக் கேட்கத் தொடங்கியது. பால் கொடுத்து அழுகை நின்றால் உரசலும் நின்றது. மறுபடி அழுதால், அழுகைக்கு ஒரு நொடி முன்னாலேயே அது தொடங்கியது.

"கயிறு எங்க, மாமா?"

"நேத்து குஞ்சு கழுத்துல கட்டினேன்." பொன்னுதுரை இப்போது நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "துணிக்கு மசியல. பதினோரு நாளாத் தின்னல. துவான் நேத்துக் காலையிலயே கிளேபாங் பங்களாவுக்கு வந்துட்டாராம். நாளைக்கு இங்க வருவாரு. நான் என்ன செய்ய? கயித்தக் கட்டுனேன், முழுங்கிருச்சு. எங்கேருந்து திருப்பித் தர?"

ருக்மணி சிரித்தாள். "வேணும்னா உள்ள கைய விட்டு எடுத்துக்க."

"ஒங்க தம்பிய லோரியில ஏத்துனப்ப ஒளிச்சு வைக்க ஒரு சாக்கு இல்ல இந்த வீட்டுல," என்றாள் சீதா. "பாம்புக்குச் சாக்கு. பாம்புக்கு வெந்நீர்ப் போத்தல்."

ருக்மணியின் சிரிப்பு நின்றது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சீதா கவனித்தாள். அத்தனை சத்தத்துக்கும் குழந்தை அழவில்லை.

பின்னறையிலும் உரசல் இல்லை.

"மூடி மேல கல்லு வச்சிருக்கேன்," என்றார் பொன்னுதுரை, அவள் கேட்காமலேயே. "தின்னுருக்கு. ரெண்டு நாளைக்கு அசையாது."

அவள் பின்னறைக்குப் போனாள். புளித்த பாலும் இறகும் சேர்ந்த வாடை. கல் தரையில் கிடந்தது. மூடி ஒரு கை அகலம் விலகியிருந்தது. உள்ளே குழந்தையின் துணிகள், நடுவில் வட்டமாக அழுந்திய குழி. தொட்டாள். சில்லென்று இருந்தது. தேங்காய் ஓட்டுக்குப் பக்கத்தில் கோழிக்குஞ்சு. முழுதாக. நீளமாக. கொழகொழவென்று. கழுத்தில் கறுப்புக் கயிறு.

தின்றதைக் கக்கியிருந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது.

தூளி முன்னறையில். எட்டு அடி. சேலைத் தூளி ஆடவில்லை. விலக்கினாள்.

குழந்தை விழித்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டை மேலே ஏறிக் கிடந்தது. இடுப்பில், காலையில் வெளுத்த கோடு இருந்த இடத்தில், அதே இடத்தில், பழுப்பும் மஞ்சளுமாக. இரண்டு சுற்று. மூன்று. தலை தொப்புளுக்கு மேல், கண் மூடாமல், தன் இடத்துக்கு வந்துவிட்டதுபோல.

வால் நுனியைத் தேடினாள். குழந்தையின் முதுகுக்கு அடியில் எங்கோ. விரல் பட்டது.

இறுகியது.

கையை எடுத்தாள்.

கத்தவில்லை. தூளிச் சேலையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து, இரண்டையும் சேர்த்து மார்போடு கட்டினாள். அவிழ்க்கத் தெரிந்த ஆள் ஒருவன்தான். கிளேபாங்கில் இருக்கிறான். அவன் மேசை மேல் வைப்பாள். பிள்ளையைத் திருப்பிக் கேட்பாள். நடராஜனையும் கேட்பாள். முழந்தாளிடச் சொன்னால் நின்றுகொண்டே கேட்பாள்.

"எங்கடி போற? மழ வருது!" ருக்மணி.

பொன்னுதுரை மூட்டையைப் பார்த்தார். மூட்டைக்குள் நகர்ந்ததைப் பார்த்தார். அவர் வாய் கோணியது. "துவான் பாம்பு! ஏய், பாம்ப வச்சிட்டுப் போ!"

சீதா படியிறங்கினாள். முதல் துளிகள் மண்சாலையில் விழுந்தன. நடந்தாள். மார்பில் இரண்டு உடம்பு. ஒன்று சூடு. ஒன்று, அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டிருந்தது.

குழந்தை மூச்சை இழுத்தது. சிறியதாக.

விட்டது.

விட்ட அளவுக்கு வளையம் உள்ளே வந்தது. அந்த இடத்தைத் திருப்பித் தரவில்லை.

நடந்தாள்.