சாந்தன்பாறைக்குப் போய்ச் சேராத பெட்டி

“ஏனுங்க… நாங்கெல்லாம் இங்க மழைக்கு ஒதுங்கி நிக்கறோம்னு நெனச்சுட்டீங்களா?”

கஞ்சிக்கோட்டுக் கூரியர் கிடங்கில் கவுண்டரை நோக்கி நேராக நடந்துகொண்டிருந்த சந்துரு திரும்பிப் பார்த்தான். மடக்கிய குடையோடு ஒரு பெண் வரிசையில் நின்றாள். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு மழைத்துளி இறங்கி அவள் இமையில் தங்கியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாத கோபம் அந்தக் கண்களில்… பெரிய கண்கள். கோபத்திலும் அழகாக இருந்தன என்பதைக் கவனித்தான். அதைக் கவனிக்கிற நேரமில்லை இது என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

“மன்னிச்சிருங்க. வரிசை நிக்கிறது தெரியல. சாந்தன்பாறையில இருந்து வாரேன். பஸ்ல உக்காந்து உக்காந்து தலையே சுத்துது.”

ஊர்ப் பேரைக் கேட்டதும் அவள் கண்கள் சற்றுச் சுருங்கின. குரல் மட்டும் மாறவில்லை.

“பார்சல் தொலைஞ்சிருச்சுங்களா?”

“தொலைஞ்சுச்சோ, அனுப்பவே இல்லையோ… எங்கப்பாவுக்குச் செயற்கைக் கால் செய்யிற சென்டர் இங்கிட்டுத்தான் இருக்கு. அங்க ஒரு பொண்ணு. அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்னு ஒரே சாதிப்பு! டெலிவரி ஆயிருச்சுன்னு மெசேஜ் மட்டும் வருது, கால் வரல. எனக்கென்னமோ அந்தப் பொண்ணு பொய் சொல்லுதோன்னு சந்தேகம்.”

“பாத்தா பொய் சொல்றவளாட்டத் தெரியுதுங்களா?”

“நான் பாத்ததில்லங்க. ஃபோன்ல பேசுனது எங்க மச்சான்.”

“இப்பப் பாத்துக்கங்க.”

சந்துரு பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான். மழை கிடங்கின் தகரக் கூரையில் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் பெயர் தமிழ்ப்ரியா. அதே பெட்டியைத் தேடித்தான் அவளும் வந்திருந்தாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் நெல்லுமாக வாழ்கிற குடும்பம். வீட்டில் யாருக்கும் அவள் வேலை சரியாகப் புரியவில்லை. கால் இழந்தவர்களுக்கு அளவெடுத்துக் கால் செய்து, அதை மாட்டி நடக்கப் பழக்குகிறாள்.

சந்துருவின் அப்பா பெரியமுத்து, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஒரு மழைநாளில் வளைவில் ஜீப் கவிழ்ந்து, அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன்பின் சந்துரு ஜீப் ஓட்டினான். மச்சானோடு சென்டருக்குப் போய்வந்ததைத் தவிர பெரியமுத்து வாசலைத் தாண்டவில்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு ஜங்ஷனில் போய் நிற்க அவருக்கு மனமில்லை. சென்டரில் காலை மாட்டிப் பார்த்து அளவெல்லாம் சரிசெய்தாயிற்று. கடைசி வேலை முடிவதற்குள் மலையில் மண் சரிந்து அவரை மறுபடி கூட்டிப்போக முடியாததால், வீட்டிலிருந்து பார்சலில் அனுப்பச் சொன்னார்கள். பெட்டி வரவேண்டிய நாளில் பெரியமுத்து சவரம் செய்து, இஸ்திரி போட்ட வேட்டி கட்டி, சாலையைப் பார்த்து உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே உட்கார்ந்தார்.

கவுண்டரில் இருந்த அன்சார் கம்ப்யூட்டரைத் தட்டினான். “டெலிவரி ஆயிட்டதாத்தான் காட்டுதுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே…”

“யாரு வாங்குனது?” என்றான் சந்துரு.

“பேரு தெளிவா இல்லீங்க.”

“வாங்குனவரு அத வெச்சு என்னங்க பண்ணுவாரு?” என்றாள் தமிழ்ப்ரியா. “அது உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தானுங்க சேரும்!”

அன்சார் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு எழுந்து கிடங்கின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டான். “மழையில போக முடியாம, டெலிவரின்னு எழுதிட்டுத் திருப்பிக் கொண்டாந்த சாமானெல்லாம் அந்த மூலையில கெடக்குதுங்க. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

இருவரும் மூட்டைகளுக்கு நடுவே இறங்கினார்கள். சந்துரு தூக்கிக் கொடுக்க, அவள் முகவரி பார்த்தாள். விரல்கள் ஒருமுறை உரசின… இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுக்க, மூட்டை கீழே விழுந்தது.

“பெட்டி எப்படி இருக்கும்ங்க?”

“நீளமா இருக்குமுங்க. கவனமாகக் கையாளவும்னு நாலு பக்கமும் எழுதியிருக்கேன்.”

“அதப் படிச்சிட்டுத்தான் மிதிச்சிருப்பாய்ங்க.”

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தாள். சிரித்துவிட்டாள்.

பெட்டி, மெஷின் பாகங்கள் நிறைந்த ஒரு சாக்குக்கு அடியில் கிடைத்தது. ஒரு பக்கம் நசுங்கி, நனைந்து ஊறியிருந்தது. திறந்து பார்த்தாள். கணுக்காலில் நீளமாக ஒரு விரிசல்.

“பரவால்ல, குடுங்க,” என்று கை நீட்டினான் சந்துரு. “நான் ஒட்டிக்கிறேன். அப்பா காத்துக்கிட்டிருக்காரு.”

“தர மாட்டேனுங்க. இத மாட்டி நடந்தா பாதியில முறிஞ்சிரும். இன்னொருக்கா விழுந்தாருன்னா?”

“இன்னும் எத்தன நாளு அவரு அப்படியே உக்காந்திருப்பாரு?”

“புதுசாச் செஞ்சு தர்றேனுங்க.”

“செஞ்சு மறுபடியும் இவய்ங்க கையில குடுப்பீங்க! உங்களுக்கு இது ஒரு பார்சல். எனக்கு அப்பா.”

அவள் பெட்டியை மூடினாள். அதைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். குடையை விரித்தாள்… பெட்டிக்கு மேலே பிடித்தாள். அவள் முதுகு நனைந்துகொண்டே போனது.

சொன்னது தப்பு என்று, ஊர் திரும்பும் பஸ் பழனி தாண்டுவதற்குள் சந்துருவுக்குப் புரிந்தது. அவளுடைய நம்பர் மச்சானிடம் இருந்தது. வாங்கி, மன்னிப்பு என்று டைப் செய்து, அழித்தான். இரண்டு வரிச் சண்டைக்கு இவ்வளவு யோசிப்பானேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அந்தப் பக்கம், புதுக் காலைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்த தமிழ்ப்ரியாவும் யோசித்தாள். வலியில் எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். அதையெல்லாம் சாயங்காலமே மறந்துவிடுகிறவள்தான். இது மட்டும் ஏன்… அவளாக ஃபோன் செய்யவும் இல்லை. அவன் பேசட்டும்!

மழை விட்ட ஒரு வாரத்தில், சென்டரிலிருந்து ஆள் வருவதாக மச்சான் சொன்னார். போடிமெட்டில் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தான் சந்துரு. பஸ்ஸிலிருந்து, பையை மார்போடு அணைத்தபடி அவள் இறங்கினாள். மூடுபனிக்குள் அந்தக் கண்கள் மட்டும் முதலில் தெரிந்தன.

“வாங்க,” என்றான்.

“வர்றேனுங்க,” என்றாள்.

வீடு வரும்வரை அவ்வளவுதான்.

புதுக் காலை மாட்டிக்கொண்டு பெரியமுத்து எழுந்து நின்றார். சுவரைப் பிடித்தார், விட்டார். அவள் முன்னால் மண்டியிட்டுத் திருகாணியைச் சரிசெய்து, “வலிக்குதுங்களா? இப்ப?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வாசல்வரை போனவர் அங்கே நின்றார். வெகுநேரம் நின்றார்.

“டீ குடிச்சிட்டு வாரேன்,” என்றார் கடைசியில். “ஒருத்தரும் பின்னால வரக்கூடாது.”

ஜங்ஷனை நோக்கி அவர் மெல்ல நடப்பதை இருவரும் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். சந்துரு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு.”

“ஆமாங்க.”

“பொசுக்குன்னு ஆமாங்கிறீங்க! இல்லன்னு ஒரு பேச்சுக்காவது…”

“எதுக்குங்க? அழுதுட்டேதான் ஊட்டுக்குப் போனேன்.”

ஏலச்செடிகளின் மேல் பொடித்தூறல் விழத் தொடங்கியது.

“சென்டர்ல எல்லாருக்கும் இப்படித்தான் ஊருக்கே கொண்டாந்து குடுப்பாங்களா?”

“இல்லீங்க.”

“அப்பறம்?”

“லீவு போட்டுட்டு வந்தேன்.” கண்கள் தரையைப் பார்த்தன. “பார்சல் மேல நம்பிக்கை போயிருச்சுன்னு அம்மாகிட்டச் சொன்னேன். நெசம் அது இல்லீங்க… உங்களைப் பாக்கோணும்னு இருந்துச்சு.”

சந்துரு தூறலில் அப்படியே நின்றான். சொல்ல நினைத்தது ஒன்று, வெளியே வந்தது வேறு.

“நான் கஞ்சிக்கோட்டுக்கு வரணும்னு போடி போயி ரெண்டு தடவ பஸ்ல ஏறுனேன். ரெண்டு தடவையும்… உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு எறங்கிட்டேன்.”

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் கோபமும் சிரிப்பும் ஒன்றாய் இருந்தன.

“அடுத்த தடவ எறங்கிராதீங்க,” என்றாள்.